கட்டுமரமும் கேட்டமரானும்

பிழை திருத்துவது என் பிழைப்பு. ஒரு சுற்றுலாக் கட்டுரையில் 'கேட்டமரான் சொகுசுப் படகு' என்று இருந்தது. அடித்துவிட்டுக் 'கட்டுமரம்' என்று எழுதக் கை பரபரத்தது. ஆனால் அது இரண்டு மிதக்கும் உடல்களை மேலே இணைத்த படகு; கட்டுமரம் இல்லையே! அப்படியே விட்டுவிட்டேன்.

நம் கட்டுமரம் லேசான மரங்களை அடுத்தடுத்து வைத்துக் கயிற்றால் இறுக்கியது. உள்ளறை, பக்கச்சுவர் எதுவும் கிடையாது. மேலே ஏறும் அலை இடுக்குகளில் வடிந்துவிடும். ஓட்டுகிறவர் நனைந்தபடிதான் போக வேண்டும். கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களை மணலில் உலர்த்துவார்கள். சென்னைக்குத் துறைமுகம் வருவதற்கு முன் கப்பல்கள் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். படகுகள் தயங்கும் அலையிலும் கட்டுமரக்காரர்கள் கடிதங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். கடிதம் நனையாமல் இருந்த இடம் அவர்களுடைய கூம்புத் தொப்பி. தபால் துறையின் வரலாற்றை நான் எழுதினால் முதல் அத்தியாயம் அந்தத் தொப்பிக்குத்தான்.

வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலக் கடலோடி, 1697இல் வெளியான தன் பயண நூலில் சோழமண்டலக் கரையின் 'கட்டுமரம்' என்ற சொல்லைக் 'கேட்டமரான்' என்று பதிவு செய்தார். அதன் பிறகு சொல் போன போக்கே வேறு. 1804 அக்டோபரில், பிரான்சின் பூலோன் துறைமுகத்தில் நின்ற நெப்போலியனின் படகுகளைத் தகர்க்க ஆங்கிலேயர் வெடிமருந்துப் பெட்டிகளை மிதக்கவிட்டார்கள். அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் ஃபுல்டன் வடிவமைத்தவை; உள்ளே கடிகாரப் பொறி. அவற்றுக்கும் 'கேட்டமரான்' என்றே பெயர். சத்தம் பெரிது, சேதம் சொற்பம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் சண்டைக்காரப் பெண்ணைத் திட்டவும் இதே சொல் பயன்பட்டது. சொல்லின் தொடக்கத்தில் ஆங்கிலப் பூனை ஒன்று சீறுவதுபோல் கேட்பதுதான் காரணமாக இருக்க வேண்டும் என்பது என் ஊகம். நம் 'கட்டு'க்கு இப்படி ஒரு கதியா!

இரட்டை உடல் படகு பசிபிக் தீவுவாசிகளின் பழைய கைவண்ணம். அமெரிக்கரான நத்தானியல் ஹெரஷாஃப் 1876இல் 'அமரில்லிஸ்' என்ற இரட்டை உடல் பாய்மரப் படகைக் கட்டி, நியூயார்க் பந்தயத்தில் மற்றவற்றை ஓரங்கட்டினார். தோற்றவர்கள் முறையிட, அந்த வகைக்கே பந்தயத்தில் இடமில்லை என்றாயிற்று. 'கேட்டமரான்' என்ற பெயர் மட்டும் இரட்டை உடலோடு நிலைத்துவிட்டது.

எனக்குப் பிடித்தது அதற்குப் பின் நடந்ததுதான். மூன்று உடல் படகு வந்ததும் அதற்கு 'ட்ரைமரான்' என்று பெயரிட்டார்கள். மூன்றுக்கு 'ட்ரை', ஆகவே 'மரான்' என்றால் படகின் உடல் என்று ஆகிவிட்டது. கட்டை அவிழ்த்துவிட்டு மரத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். இரட்டை உடல் படகு ஓட்டுகிறவர்களோ அதைச் செல்லமாகக் 'கேட்' என்கிறார்கள். அதில் மரமே இல்லை.

ட்ரைமரானுக்கு 'மும்மரம்' என்று எழுதிப் பார்த்தேன். அழகாகத்தான் இருக்கிறது. என்னைப் போல் இன்னொரு பிழை திருத்துபவர் அதை 'மும்முரம்' என்று மாற்றிவிடுவார்.