முதுகு அறுவை சிகிச்சைக்குப் பிறகு மீண்டும் டிரையத்லான்

கீழ் முதுகில், எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் டிஸ்குகளில் கடைசியான எல்5-எஸ்1 டிஸ்க் பிதுங்கி இடது கால் நரம்பை அழுத்தியதால் எனக்கு மைக்ரோடிஸ்கெக்டமி செய்தார்கள். பிதுங்கிய துண்டை மட்டும் எடுத்துவிட்டு மீதி டிஸ்கை அப்படியே விடுகிற அறுவை சிகிச்சை அது. மயக்கம் தெளிந்தபோதே கால் வலி போயிருந்தது. ஆனால் கெண்டைக்காலின் பலமும் பாதத்தின் வெளிப்பக்க உணர்வும் உடனே வரவில்லை. எஸ்1 நரம்பு போகிற வழி அது. எப்போது ஓடலாம் என்று கேட்டபோதெல்லாம் என் பிசியோ அந்தக் கெண்டைக்காலைத்தான் சோதித்தார். நாள் கணக்கே பேசவில்லை.

முதல் ஆறு வாரம் குனியக்கூடாது, முறுக்கித் திரும்பக்கூடாது, கனம் தூக்கக்கூடாது. படுக்கையிலிருந்து ஒருக்களித்துப் புரண்டுதான் எழவேண்டும். அனுமதித்த ஒரே பயிற்சி நடை. காலையும் மாலையும் நடந்தேன். அப்புறம் பேர்ட்-டாக் (தவழும் நிலையில் எதிரெதிர் கை காலை நீட்டுவது), சைட் பிளாங்க் (பக்கவாட்டில் முழங்கையை ஊன்றி உடம்பைத் தூக்கி நிறுத்துவது), கர்ல்-அப் (மல்லாந்து படுத்துத் தலையையும் தோளையும் லேசாகத் தூக்குவது). கனடாவின் முதுகெலும்பு ஆய்வாளர் ஸ்டூவர்ட் மெக்கில் பரப்பிய இந்த மூன்றும் பார்க்கச் சாதாரணமாக இருக்கும். முதுகை அசையவிடாமல் கை கால்களை இயக்கக் கற்றுத் தருபவை. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் டிரையத்லானுக்கு வேண்டியதும் அதேதான்.

காயம் முழுதாக ஆறி மருத்துவர் சரி சொன்ன பிறகு குளத்தில் இறங்கினேன். தொடைகளுக்கு நடுவே புல் பாய் என்கிற மிதவையை வைத்து ஃப்ரீஸ்டைல் மட்டும். பிரெஸ்ட்ஸ்ட்ரோக் இடுப்பைப் பின்னால் வளைக்கும் என்பதால் விட்டுவிட்டேன். சுவர் ஓரத்தில் குட்டிக்கரணம் போட்டுத் திரும்புவதையும் நிறுத்தினேன். மூச்சுக்குத் தலையைத் தூக்கினால் இடுப்பு தாழ்ந்து முதுகு வளைகிறது. உடம்பு மொத்தமும் ஒரே கட்டையாக உருண்டால் அந்தத் தொல்லை இல்லை.

சுலபமாக வரும் என்று எல்லோரும் சொன்ன சைக்கிள்தான் கடைசிவரை படுத்தியது. முன்னால் குனிந்து உட்கார்ந்தால் இடுப்பெலும்பு உள்ளே மடங்கும், கீழ் முதுகு கூன் போடும், பாரமெல்லாம் அந்த டிஸ்கின் பின்பக்கத்தில் விழும். ஹேண்டில்பாருக்கு அடியில் ஸ்பேசர் வளையங்கள் சேர்த்து உயர்த்தினோம். ஹேண்டில்பாரைச் சைக்கிளோடு இணைக்கும் ஸ்டெம்மைக் குட்டையாக்கினோம். பெடலைத் தாங்கும் தண்டான கிராங்கில் 172.5 மில்லிமீட்டரை எடுத்துவிட்டு 165 மாட்டினோம். பெடல் மேலே வரும்போது முட்டி அவ்வளவு உயராது, இடுப்பு மடங்காது. செலவில் எனக்கு மிகவும் பயன்பட்டது இந்தக் கிராங்க்தான். முன்னால் தாழக் குனிந்து முழங்கையை ஊன்றிப் பிடிக்கும் ஏரோ பாரைக் கழற்றிவிட்டேன். முதலில் வீட்டில், சைக்கிளை நகராமல் நிறுத்தி ஓட்டும் டிரெய்னரில் ஓட்டினேன், வேண்டிய நேரத்தில் இறங்கலாம் என்பதால். அதன் பிறகுதான் விடிகாலை சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலை, ஈ.சி.ஆர். அங்கே ஒவ்வொரு வேகத்தடைக்கும் சீட்டிலிருந்து எழுந்துவிடுவேன்.

ஓட்டத்துக்கு ஒரே நிபந்தனை: ஒற்றைக் காலில் நின்று குதிகாலை உயர்த்துவதில் இடது கால் வலது காலுக்கு ஈடாக வேண்டும். அது வந்தபின் ஒரு நிமிடம் ஓட்டம், நான்கு நிமிடம் நடை என்று தொடங்கினோம். இடுப்பில் மட்டும் லேசான வலி வந்து மறுநாளுக்குள் அடங்கினால் தொடரலாம். வலி பிட்டத்தைத் தாண்டிக் காலில் இறங்கினால் அன்றே நிறுத்த வேண்டும். இன்னொன்றும் சொல்லவேண்டும்: சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு இழந்தால், அல்லது தொடைகளுக்கு நடுவே மரத்துப்போனால், பிசியோவுக்குக் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.

முதல் போட்டியாக ஸ்பிரிண்ட் தூரத்தை எடுத்தேன்: 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். ஷூவுக்கு எலாஸ்டிக் லேஸ் போட்டதால் ஒரு பிரிவிலிருந்து அடுத்ததற்கு மாறும் டிரான்சிஷனில் குனிந்து முடிச்சுப் போடும் வேலை இல்லை, ஒரு முட்டியைத் தரையில் ஊன்றி மாட்டினேன். சைக்கிளிலிருந்து இறங்கியதும் முதுகு விறைத்தது. நிமிர்ந்து, சின்ன அடிகளாக வைத்து ஓடினேன். ஒரு கிலோமீட்டருக்குள் தளர்ந்துவிட்டது. இடது பாதம் ஒவ்வொரு அடியிலும் தரையை உந்துவதை உணர முடிந்தது. அந்த ஓட்டம் முழுக்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அடுத்தது ஒலிம்பிக் தூரம். அதில் 40 கிலோமீட்டர் சைக்கிள் என்பதால், நீச்சலையும் ஓட்டத்தையும் இருக்கிற அளவிலேயே வைத்துக்கொண்டு, சீட்டில் உட்காரும் நேரத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி வருகிறேன்.