யாருடைய பழக்கத்தோடு ஒத்துப்போவது?

மருந்துக் கடைகளுக்கான பில் போடும் மென்பொருளின் இடைமுகத்தை, அதாவது பயன்படுத்துகிறவர் பார்த்துக் கையாளும் திரைகளை, வடிவமைக்கும் குழுவில் சில ஆண்டுகளாக வேலை செய்துவருகிறேன். இந்தத் தொழிலுக்கு வருகிற எவருக்கும் முதலில் மனப்பாடமாகும் விதி சீர்மை. கணினி அறிவியலாளர் பென் ஷ்னெய்டர்மேன் 1980களில் இடைமுக வடிவமைப்புக்காகத் தொகுத்த எட்டுப் பொன்விதிகளில் அதுவே முதலாவது. பயன்பாட்டு எளிமை வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 1994இல் செப்பனிட்டுத் தந்த பத்து விதிகளில் அது நான்காவது. ஒரே செயலுக்கு இரண்டு பெயர்களோ, ஒரே பெயருக்கு இரண்டு செயல்களோ இருந்து, பயன்படுத்துகிறவரைத் தயங்க வைக்கக் கூடாது என்பது அதன் சாரம். மென்பொருள் ஓடுகிற தளத்தின் மரபைப் பின்பற்ற வேண்டும் என்பதும் அதில் அடங்கும். இதை மறுப்பவர் யாரும் இல்லை. ஆனால் மாலை ஏழு மணிக்குக் கூட்டம் நிற்கும் ஒரு கடையில், பில் போடுகிறவரின் பின்னால் உட்கார்ந்து பார்க்கும்போது, அவருக்குத் தளம் என்பது எது என்ற கேள்வி எழுகிறது.

எங்கள் மென்பொருள் உலாவியில் இயங்குவது. உலாவி மரபின்படி, படிவத்தில் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குப் போக டேப் விசை; என்டர் தட்டினால் பெரும்பாலும் படிவமே அனுப்பப்பட்டுவிடும். கடைக்காரர்களில் பலர் டாலியில் கை பழகியவர்கள். 1986இல் தொடங்கி, பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனத்தின் அந்தக் கணக்கு மென்பொருளில் என்டர் தட்டினால் கர்சர் அடுத்த கட்டத்துக்கு நகரும். எழுதியதை ஏற்றுச் சேமிக்க கன்ட்ரோலும் ஏ-யும். உலாவியில் அதே இரண்டு விசைகள் பக்கத்திலுள்ள அனைத்தையும் தேர்ந்தெடுக்கும். ஆக, மருந்தின் பெயரை எழுதி, வழக்கம்போல என்டர் தட்டுகிறவருக்கு, ஒரே ஒரு மருந்தோடு முடிந்துபோன பில் கையில் கிடைக்கும். இணையத்தின் மரபை மீறக் கூடாது என்று குழுவில் ஒரு சாரார் வாதிட்டார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது, ஏனெனில் புதிதாக வேலைக்குச் சேரும் இளைஞர்கள் டாலியைவிட உலாவியையே அதிகம் அறிந்தவர்கள். ஆனாலும் ஒரு கடைக்காரர் சொன்னது அந்த விவாதத்தை வேறு பக்கம் திருப்பியது: "பில் போடும்போது நான் திரையையே பார்க்கிறதில்லை தம்பி, மாத்திரை அட்டையைத்தான் பார்க்கிறேன்." திரையைப் பார்க்காதவரிடம் திரையின் மரபைப் பேசிப் பயனில்லை. பில் போடும் திரையில் மட்டும் என்டர் விசை அடுத்த கட்டத்துக்கு நகர்வதென்றும், அமைப்புகள், பயனர் கணக்கு போன்ற, எப்போதாவது திறக்கும் பக்கங்களில் உலாவி மரபே தொடர்வதென்றும் முடிவானது. மேலோட்டமாகப் பார்த்தால் இது ஒரே மென்பொருளுக்குள் சீர்மையைக் குலைப்பதுதான்.

இந்த முடிவுக்கு ஆதரவாக கணினியை மனிதர்கள் பயன்படுத்தும் விதத்தை ஆராய்ந்த ஜொனாதன் குருடின் 1989இல் எழுதிய கட்டுரை ஒன்றைக் குழுவில் சுற்றுக்கு விட்டேன். இடைமுகச் சீர்மைக்கு எதிரான வாதம் என்பதையே தலைப்பாகக் கொண்ட கட்டுரை அது. வீட்டில் எல்லாக் கத்திகளையும் ஒரே இழுப்பறையில் வைப்பது சீர்மைதான். ஆனால் சாப்பாட்டு மேசைக் கத்தியும், முகாமுக்குக் கொண்டுபோகும் மடக்குக் கத்தியும், சுவருக்கு மக்கு பூசும் கத்தியும் அவையவை பயன்படும் இடத்துக்கு அருகில் இருப்பதே வசதி என்பது அவருடைய வாதத்தின் போக்கு. பயன்படுத்துகிறவரின் வேலைதான் அளவுகோல், பொருள்களின் ஒற்றுமை அல்ல என்று அதைப் புரிந்துகொண்டேன்.

அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தபோது, எங்கள் டிசைன் சிஸ்டம், அதாவது எல்லாத் திரைகளுக்கும் பொதுவான வடிவமைப்புத் தொகுப்பு, பெருமையோடு காட்டிக்கொண்டிருந்த சில ஒற்றுமைகள் தொல்லையாகவே தெரிந்தன. மென்பொருள் முழுவதும் தேதி என்றால் நாள், மாதம், ஆண்டு என்ற ஒரே வடிவம். ஒரே நாள்காட்டிப் பெட்டி. மாத்திரை அட்டையிலோ காலாவதி பெரும்பாலும் மாதமும் ஆண்டுமாகத்தான் அச்சிடப்பட்டிருக்கும். அந்த மாதத்தின் கடைசி நாள்வரை அது செல்லும் என்பது தொழிலில் எல்லோரும் அறிந்தது. அட்டையில் இல்லாத நாளைத் திரை கேட்டதால், சிலர் ஒன்றாம் தேதி என்று போட்டார்கள், சிலர் முப்பது என்று போட்டார்கள், பிப்ரவரியில் முப்பது ஏற்கப்படாதபோது எரிச்சலடைந்தார்கள். ஒன்றாம் தேதி என்று பதிந்த சரக்கை, இன்னும் ஒரு மாதம் விற்கக்கூடியதாக இருந்தும், காலாவதியானதாக மென்பொருள் ஒதுக்கிவைத்தது. இப்போது அந்தக் கட்டம் மாதத்தையும் ஆண்டையும் மட்டுமே கேட்கிறது. மற்றத் தேதிக் கட்டங்களைப் போல அது இல்லை. அட்டையைப் போல இருக்கிறது.

இதைவிட ஆபத்தானது எண்ணிக்கைக் கட்டம். கொள்முதல் திரையிலும் விற்பனைத் திரையிலும் அது ஒரே இடத்தில், ஒரே அகலத்தில், ஒரே பெயரோடு இருந்தது. ஆனால் மொத்த வியாபாரியிடமிருந்து வருவது அட்டைக் கணக்கு; வாடிக்கையாளருக்குக் கொடுப்பது பல நேரங்களில் மாத்திரைக் கணக்கு, நான்கு, ஆறு என்று வெட்டிக் கொடுப்பது. தோற்றம் ஒன்றாக இருக்கும்போது பொருளும் ஒன்றுதான் என்று கை எடுத்துக்கொள்கிறது. பத்து மாத்திரை கொண்ட அட்டையாக இருந்தால் இருப்புக் கணக்கில் பத்து மடங்கு பிசகு வரும். எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே "அட்டை", "மாத்திரை" என்று அலகைப் பெரிதாகப் போட்டு, இரண்டு கட்டங்களையும் வெவ்வேறு வடிவத்தில் அமைத்தோம். என் கணிப்பில், சீர்மை குறைந்த திரையைவிட, பொருள் மாறியும் தோற்றம் மாறாத திரையே அதிகச் சேதம் விளைவிக்கிறது. வடிவமைப்பை மறு ஆய்வு செய்யும் கூட்டங்களில் முதல் வகைதான் சட்டென்று கண்ணில் படுகிறது; இரண்டாவது வகை அழகாகத் தெரிவதால் பாராட்டுக்கூடப் பெறுகிறது.

கைபேசியில் எவரும் இதைச் சோதித்துப் பார்க்கலாம். எண்ணைச் சுழற்றும் திரையில் ஒன்று, இரண்டு, மூன்று மேல் வரிசையில் இருக்கும். அதே கைபேசியின் கால்குலேட்டரில் ஏழு, எட்டு, ஒன்பது மேலே இருக்கும். முதலாவது பெல் ஆய்வகம் பொத்தான் தொலைபேசிக்காகச் செய்த சோதனைகளின் வழி வந்தது, இரண்டாவது பழைய கணக்கிடும் எந்திரங்களின் வழி. இரண்டையும் ஒன்றாக்கினால் சீர்மை கூடும் என்று யாரும் துணியவில்லை. சரி, ரத்து என்ற பொத்தான்களை விண்டோஸ் ஒரு வரிசையிலும் மேக் வேறு வரிசையிலும் வைப்பதும் அப்படித்தான். எங்கள் கடைகளில் விண்டோஸ்தான் என்பதால் அதில் பெரிய விவாதம் எழவில்லை.

இப்போது எங்கள் விதிமுறை ஆவணத்தில் ஒவ்வொரு விதிக்கும் எதிரே, அது யாருடைய எந்தப் பழக்கத்தோடு ஒத்துப்போகிறது என்று எழுதவேண்டிய ஒரு பத்தி சேர்ந்திருக்கிறது. சில இடங்களில் அது எளிதில் நிரம்புகிறது. எஸ்கேப் விசைக்கு எதிரே மட்டும் இன்னும் எதுவும் எழுதப்படவில்லை. டாலியில் கை பழகியவருக்கு அது ஒரு படி பின்னால் போவது, உலாவிக்காரருக்குத் திறந்த பெட்டியை மூடுவது, பாதி எழுதிய பில்லின் நடுவே அதைத் தட்டினால் "விட்டுவிடவா?" என்று கேட்கலாம் என்பது ஒரு யோசனை. கூட்ட நேரத்தில் ஒவ்வொரு முறையும் அந்தக் கேள்வி வந்தால் அதைப் படிக்காமலே என்டர் தட்டிவிடுவார்கள் என்பது என் எதிர்வாதம். கேட்காமலே பில்லைத் தனியே ஒதுக்கிவைத்துவிட்டு, வேண்டும்போது மீட்டுக்கொள்ளவிடும் வடிவத்தை அடுத்ததாக இரண்டு கடைகளில் பார்க்கப்போகிறோம்.