ஆரல்வாய்மொழி காத்தும் அப்பாவோட ஸ்ப்ளெண்டரும்

ஜூன் 2, 2025, திங்கள்

ஸ்கூல் திறந்தாச்சு. நான் டீச்சரா இருக்கிற ஸ்கூல், நாகர்கோவில்ல இருந்து பணகுடி தாண்டி உள்ள ஒரு ஊரு, பேரு வேண்டாம். போன வருஷம் பூரா பஸ்ல போய் நொந்துட்டேன். திருநெல்வேலி போற எண்ட் டு எண்ட் பஸ் பணகுடியில நிக்காது, நிக்கிற பஸ்ல காலு வைக்க இடம் இருக்காது, இறங்கினப்புறம் ஸ்கூலுக்கு ஆட்டோ ஷேர் ஆகுற வரைக்கும் வெயில்ல நிக்கணும். அதான் லீவுல அப்பாவோட பழைய ஸ்ப்ளெண்டர்ல ஓட்டப் படிச்சு, 8 போட்டு, கியர் வண்டி லைசென்ஸும் வாங்கியாச்சு. ஸ்கூட்டி வாங்கலாமேன்னு கேக்காதவங்க இல்ல. வீட்டுல ஒரு வண்டி சும்மா நிக்கும்போது எதுக்கு இன்னொண்ணுக்கு இஎம்ஐ கட்டணும்?

இன்னைக்கு அப்பா பின்னாடியே இன்னொரு வண்டியில தோவாளை வரைக்கும் வந்தாங்க. பூ மார்க்கெட் முன்னாடி பிச்சிப்பூ மூட்டை ஏத்தின ஆட்டோக்காரன் குறுக்க வந்தான், நான் நின்னேன், வண்டியும் நின்னுது (ஆஃப் ஆகித்தான்).

ஜூன் 4, புதன்

சேலையில முடியாது, சுடிதார்தான். ஷாலை சுருட்டி பேக்குக்குள்ள வச்சிட்டு, ஸ்கூல் வாசல்ல போட்டுக்கிறேன். இந்த வண்டியில நாலு கியரும் கீழ மிதிக்கிறதுங்கிறதால குழப்பம் இல்ல, ஆனா ஹீல்ல பின்னாடி மிதிச்சு கியர் குறைக்கிறது இன்னும் செருப்புல சரியா வரல. ஷூ வாங்கணும். ஏழாங்கிளாஸ் பயலுவ வண்டியை சுத்தி நின்னுட்டு "டீச்சர், கிக்கர் அடிப்பீங்களா?"ன்னு கேட்டானுவ. அடிச்சுக் காட்டினேன், கை தட்டினானுவ.

ஜூன் 11, புதன்

காத்து ஆரம்பிச்சிட்டு.

வெளியூர்க்காரங்களுக்கு சொல்றேன். மேற்குத் தொடர்ச்சி மலையில பாலக்காடு, செங்கோட்டை, அப்புறம் நம்ம ஆரல்வாய்மொழின்னு கணவாய் இருக்குல்ல, தென்மேற்குப் பருவக்காத்து மலையில முட்டி, போக வழி இல்லாம இந்த இடைவெளி வழியா நெருக்கிக்கிட்டு வரும், அதனால மத்த இடத்தை விட இங்க வேகம் கூட. அதுக்காகத்தான் பக்கத்துல முப்பந்தல்ல கரண்ட் எடுக்கிற காத்தாடி அத்தனை நட்டு வச்சிருக்கான், எல்லாம் சேர்த்து 1500 மெகாவாட்டுன்னு சொல்லுவாங்க. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் அதுக்கு சீசன், எனக்கு சோதனை.

காலையில போகும்போது ஆரல்வாய்மொழி தாண்டினா காத்து பாதி முதுகுப் பக்கம், வண்டி தானா போற மாதிரி சொகமா இருக்கு. காவல்கிணறுல இடது பக்கம் திரும்பி நாலு வழிச்சாலை ஏறினதும் அதே காத்து இடது விலாவுல அடிக்குது. வண்டி நேரா போகுது, ஆனா நான் சாய்ஞ்சு உட்கார்ந்திருக்கேன். இதெல்லாம் 8 போடுற கிரவுண்டுல எவன் சொல்லிக் குடுத்தான்?

ஹெச்எம் சார்கிட்ட சொன்னா "ஆடிக் காத்துல அம்மியே பறக்கும் டீச்சர்"ங்காரு. இதே பழமொழியை ஆபீஸ்ல, வீட்டுல, பெட்ரோல் பங்குல எல்லாரும் சொல்லியாச்சு. வேற ஏதாவது உபயோகமா சொல்லுங்கப்பா.

ஜூன் 20, வெள்ளி

உபயோகமா சொன்னது அப்பாதான். "மக்ளே, ஹேண்டிலை இறுக்கிப் புடிக்காத, இறுக்கினா ஒன் கை நடுக்கம் பூரா வண்டிக்குப் போகும். முட்டியால டேங்கை அணைச்சுக்க, கையை லூசா விடு." இன்னைக்கு அப்படியே செஞ்சேன். காத்து தள்ளும்போது முன் வீல் லேசா ஆடிட்டு அதுவே நேராயிடுது. தோள் வலி பாதியா குறைஞ்சிருக்கு.

ஜூலை 3, வியாழன்

இவ்வளவு நாள் காத்து அடிக்கிறதுதான் பயம்னு நினைச்சிட்டு இருந்தேன், அது இல்ல, காத்து நிக்கிறதுதான் பயம். சாயங்காலம் பணகுடியில இருந்து காவல்கிணறு வரும்போது காத்து வலது பக்கம் இருந்து வரும், நான் வலது பக்கமா சாய்ஞ்சு ஓட்டிட்டு இருப்பேன். அந்த நேரம் பார்த்து கேரளாவுக்கு ஜல்லி, எம்-சாண்ட் ஏத்திட்டுப் போற டாரஸ் லாரி வலது பக்கம் ஓவர்டேக் பண்ணும். லாரி என் பக்கத்துல வந்ததும் காத்து டப்புனு நின்னுரும், ஆனா நான் இன்னும் சாய்ஞ்சுதான் இருக்கேன், அப்ப வண்டி எங்க போகும்? லாரி டயர் பக்கந்தான் போகும். லாரி தாண்டினதும் காத்து திரும்ப வந்து ஒரே அறை, இந்தப் பக்கம் ரோட்டோரத்துக்கு. இன்னைக்கு அப்படி ஆனதுல உள்ளங்கை வேர்த்து கிளவுஸ் நனைஞ்சு போச்சு.

காலையில இதே கதை வேற மாதிரி. இடது பக்கம் ஒரு காம்பவுண்ட் சுவரோ மரக்கூட்டமோ வந்தா காத்து அறுந்து வண்டி இடது பக்கமா விழப் பாக்கும்.

இப்ப கண்ணாடியில டாரஸ் தெரிஞ்சதுமே இடது பக்கம் ஒதுங்கி, வேகத்தைக் குறைச்சு, மூணாவது கியருக்கு வந்திடுறேன். 40க்கு மேல போறதில்ல. பின்னாடி ஹார்ன் அடிக்கிறவன் அடிக்கட்டும், அவனுக்கு பத்து டயர் இருக்கு, எனக்கு ரெண்டுதான்.

ஜூலை 18, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. முப்பந்தல் இசக்கியம்மன் கோயில் முன்னாடி ரெண்டு பக்கமும் வண்டிங்க, லாரி டிரைவருங்க எல்லாம் இறங்கி கும்பிட்டுட்டுத்தான் போறாங்க. நானும் நிறுத்தினேன். சைடு ஸ்டாண்டு போட்டா காத்து எந்தப் பக்கம் இருந்து வருதுன்னு பார்த்துத்தான் போடணும், வலது பக்கம் இருந்து வந்தா ஸ்டாண்டு மேலயே வண்டியை அழுத்திக்கிட்டு இருக்கும், இடது பக்கம் இருந்து வந்தா தூக்கி மறுபக்கம் சாய்ச்சிரும். அதனால சென்டர் ஸ்டாண்டே போட்டேன். கற்பூரம் ஏத்துறதுக்குள்ள தீப்பெட்டி பாதி காலி. பக்கத்துல நின்ன ஒரு டாரஸ் டிரைவர் அண்ணாச்சிதான் கையைக் குவிச்சு மறைச்சுக் குடுத்தாரு. "ரோட்டுல எங்களைக் கண்டா பயமா டீச்சர்?"ன்னாரு. ஆமான்னேன். சிரிச்சிட்டு, நாங்க ஓவர்டேக் எடுக்கும்போது நீங்க வேகத்தைக் கூட்டாதீங்க, சீக்கிரம் தாண்டிப் போயிடுவோம்னாரு. சரியான பேச்சு. நேரா வர்ற காத்துக்கு எதிர ஏறிப் போறதால சாயங்காலம் டீசல் கூட குடிக்குதுன்னு அவரு புலம்பினாரு, பெட்ரோல் கூட குடிக்குதுன்னு நானும் புலம்பினேன். என் வண்டி 60 குடுக்கும்னு அப்பா சொன்னதெல்லாம் இந்த சீசன்ல கதைதான்.

ஜூலை 22, செவ்வாய்

கணக்கு டீச்சர் நாளையில இருந்து என் பின்னாடி வர்றாங்களாம். பஸ் இன்னைக்கும் அவங்களை ஏத்தாமப் போயிட்டுது. ஆள் ஏறினா வண்டி வெயிட்டா இருக்கும், காத்துல அவ்வளவா ஆடாதுன்னு மெக்கானிக் அண்ணன் சொல்றாரு, பின் டயர்ல கொஞ்சம் கூட காத்து வச்சு செயினையும் டைட் பண்ணிக் குடுத்தாரு. ஆனா அக்கா சேலைதான் கட்டுவாங்க, ஒரு பக்கமாத்தான் உட்காருவேங்காங்க. அது ஆகாதுன்னு சொல்லிட்டேன். சுடிதார், ரெண்டு பக்கம் காலு, தலையில ஹெல்மெட், நான் சாய்ஞ்சா கூட சாயணும், எதிர்ப்பக்கம் சாயக் கூடாது. எல்லாத்துக்கும் சரின்னுட்டாங்க. பெட்ரோல்ல பாதி தர்றேன்னாங்க, மாசம் எவ்வளவு வரும்னு அவங்களே கணக்குப் போட்டு சொல்லட்டும்.