யூரியாப் பையில் இருந்த 46

பள்ளிக்கூட ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி பழைய மாணவர் சங்கத்தில் கேட்டார்கள். விளையாட்டுப் போட்டி, விடுதிச் சாப்பாடு, பிரின்சிப்பலின் பிரம்பு எல்லாவற்றையும் மற்றவர்கள் எழுதுவார்கள். நான் எங்கள் இரசாயன சேரின் ஒரு கணக்கை எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். வகுப்பில் பாதிப் பேர் யாழ்ப்பாணத்தில் கோப்பாய், உரும்பிராய்ப் பக்கத்துத் தோட்டக்காரரின் பிள்ளைகள். சேர் ஒருநாள் வெறும் யூரியாப் பை ஒன்றைக் கொண்டுவந்து கரும்பலகையில் தொங்கவிட்டார். 46% நைதரசன் என்று அதில் அச்சடித்திருந்தது. "இவங்கள் சொல்லுறது சரியோ எண்டு பாருங்கோ" என்றுவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டார்.

யூரியா மூலக்கூறு ஒன்றில் காபன் 1, ஒட்சிசன் 1, நைதரசன் 2, ஐதரசன் 4. சாரணுத்திணிவுகளை, அதாவது அணுக்களின் ஒப்பீட்டு நிறைகளைப் போட்டுக் கூட்டினால் 12, 16, 28, 4; மொத்தம் 60. அதில் நைதரசனின் பங்கு 28. வகுத்தால் 46.67% வருகிறது. மிச்சம் எங்கே போனது என்று பின்வாங்கிலிருந்து ஒருவன் கேட்டான். ஈரமும் தயாரிப்பின்போது சேருகிற வேறு சேர்வைகளும் கொஞ்சம் உண்டு, பையில் இருப்பது சுத்த யூரியா இல்லை என்றார் சேர். 50 கிலோப் பையில் நைதரசன் 23 கிலோ.

அடுத்தது அமோனியம் சல்பேற்று. பலர் விழுந்தது இதில்தான். (NH₄)₂SO₄ என்ற சூத்திரத்தில் அமோனியம் அடைப்புக்குறிக்குள் இருக்கும், 2 வெளியே நிற்கும். "படலைக்கு வெளியிலை நிண்டாலும் அவர் வீட்டிலை உள்ள எல்லாருக்கும் பொறுப்பு" என்பார் சேர். ஆகவே நைதரசன் 28, ஐதரசன் 8, கந்தகம் 32, ஒட்சிசன் 64, மொத்தம் 132. நைதரசன் 21.2% மட்டுமே. யூரியாப் பை ஒன்றின் நைதரசனுக்கு இதில் இரண்டு பைக்கு மேல் வேண்டும். அன்று பின்னேரமே சிலர் வீட்டில் ஐயாவுக்கு வகுப்பெடுத்தார்கள் என்று கேள்வி. ஆனால் இதில் கந்தகமும் 24% இருக்கிறது. விலையை ஒப்பிடுகிறவர்கள் அதை மறந்துவிடுவார்கள்.

எனக்குப் பிடித்தது ரீ.எஸ்.பி. (ட்ரிபிள் சூப்பர் பொசுபேற்று) என்ற பொசுபரசு உரப் பை. அதிலும் 46% என்றுதான் இருக்கும். ஆனால் அது பொசுபரசின் அளவு இல்லை, பொசுபரசு ஒட்சைட்டாகக் கணக்கிட்ட அளவு. அந்த ஒட்சைட்டு பைக்குள் மருந்துக்கும் கிடையாது! பழைய காலத்து ஆய்வாளர்கள் முடிவுகளை ஒட்சைட்டாக எழுதிப் பழகினார்கள், உர வியாபாரம் அதையே பிடித்துக்கொண்டது. இரண்டு பொசுபரசு 62, ஐந்து ஒட்சிசன் 80, மொத்தம் 142. 46ஐ 62ஆல் பெருக்கி 142ஆல் வகுத்தால் 20. அதாவது 50 கிலோப் பையில் பொசுபரசு 10 கிலோதான்.

கனடாவுக்கு வந்தபின் இந்தக் கணக்கு எனக்குத் தேவைப்படவே இல்லை, போன வருடம் வரை. எங்களோடு படித்தவர்களின் வாட்சப் குழுவில் ஒருவர் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் அறிக்கையைப் போட்டிருந்தார். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்குகிற மழைநீர்தான் கிணற்றில் வருகிறது. தோட்டத்துக்குப் போட்ட யூரியாவில் பயிர் எடுக்காத நைதரசன், நைத்திரேற்றாக மாறி அதே தண்ணீருக்குள் இறங்குகிறது. மலசலகூடக் குழிகளும் தங்கள் பங்கைச் சேர்க்கின்றன.

அறிக்கையில் நைத்திரேற்று லீற்றருக்கு 12 மில்லிகிராம் என்று இருந்தது. உலக சுகாதார நிறுவனம் 50 வரை விடுகிறது, பயமில்லை என்று எல்லோரும் பெருவிரல் காட்டினார்கள். அந்த 50 முழு நைத்திரேற்றுக்கு. அறிக்கையின் 12 நைதரசனாக மட்டும் எழுதியது. நைத்திரேற்றில் நைதரசன் 14, ஒட்சிசன் மூன்றும் 48, மொத்தம் 62. 12ஐ 62ஆல் பெருக்கி 14ஆல் வகுத்துப் பாருங்கள்: 53. கனடாவில் எல்லை நைத்திரேற்றாக 45, நைதரசனாக 10. இரண்டு விதமாகப் பார்த்தாலும் அந்தக் கிணறு எல்லை தாண்டிவிட்டது. பால்மாவை அந்தத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் காவுகிற திறன் குறையும். எல்லை வைத்ததே முக்கியமாக அதற்காகத்தான்.

கணக்கைக் குழுவில் போட்டேன். "கொதிக்க வைச்சுக் குடிச்சாச் சரிதானே மச்சான்" என்று பதில் வந்தது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று எங்கும் போகாது. தண்ணீர் வற்ற வற்ற லீற்றருக்கு அது கூடத்தான் செய்யும். அதையும் எழுதினேன். அவர் அடுத்த நாளே ஊருக்கு அழைத்து, குழந்தைக்கு வேறு தண்ணீர் எடுக்கச் சொல்லிவிட்டார்.