ஹந்தானைக்கு வந்த தொப்பிப் பையன்

கிரீன் கார்ட் லொத்தரில் பெயர் விழுந்து 2021 கடைசியில் நாங்கள் மூன்று பேரும் கண்டியிலிருந்து லொஸ் ஏஞ்சல்ஸுக்கு வந்தோம். அங்கே பதினொரு வருடம் டீச்சராக இருந்த நான், தாதி உதவியாளர் பயிற்சியை முடித்துவிட்டு இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் சேர்ந்தேன். மேற்பார்வையாளருக்கு என் பெயர் வாயில் வரவில்லை. "டானா என்று போடலாமா?" என்று கேட்டார். வேலை கிடைத்ததே பெரிது என்றிருந்த நேரம், சரி என்றேன். அப்பாயி வைத்த தனலட்சுமி மறுநாளே சட்டையில் குத்தும் அட்டையில் டானா ஆகிவிட்டாள்.

2023 மார்ச்சில் ஒரு திங்கட்கிழமை, என் ஷிஃப்டில் இருக்கும் வியட்நாம் அக்கா சாப்பாட்டு நேரத்தில் போனை என் கையில் தந்து பார்க்கச் சொன்னார். முந்தின இரவு ஒஸ்கார் விழா. கி ஹுய் குவான் என்ற நடிகர் சிறந்த துணை நடிகருக்கான விருதைக் கையில் வைத்துக்கொண்டு அழுகிறார், 84 வயதான என் அம்மா வீட்டிலிருந்து பார்க்கிறார் என்கிறார், என் பயணம் ஒரு படகில் தொடங்கியது, ஒரு வருடம் அகதி முகாமில் இருந்தேன் என்கிறார். அக்காவும் படகில் வந்தவர்தான். எதுவும் பேசாமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

அந்த முகத்தை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று யோசித்தால், அப்பாவின் தொப்பிப் பையன்!

1983இல் இண்டியானா ஜோன்ஸ் இரண்டாவது படத்துக்காக ஹொலிவூட் இயக்குநர் ஸ்பீல்பெர்க் கண்டிக்கு வந்தார். கதை இந்தியாவில் நடக்கிறது, ஆனால் திரைக்கதையை மாற்றச் சொல்லி இந்திய அரசு அனுமதி தராததால் இலங்கைக்கு வந்தார்கள். ஹந்தானை மலையில் ஊர் ஒன்றை செட் போட்டார்கள், விக்டோரியா அணைக்கட்டு வேலை நடந்த பக்கம் கயிற்றுப் பாலம் கட்டினார்கள். அப்பாவுக்கு அப்போது இருபது வயது, ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் இருந்தார். யானைகளையும் லைட்டுகளையும் பற்றி அவர் சொல்லாத நாள் இல்லை. அதைவிட அதிகமாகச் சொன்னது, அந்தப் படத்தில் நடிக்க வந்து, தொப்பி போட்டுக்கொண்டு ஓடித் திரிந்த ஒரு சீனப் பையனைப் பற்றி. அந்தப் படத்தில் எனக்குப் பிடிக்காதது நிறைய. நம் சாப்பாட்டையும் காளியையும் காட்டிய விதத்தை இன்றும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது. இந்திய ஊர் என்று சொல்லிவிட்டு ஊர்க்காரர்கள் சிங்களத்தில் பேசுவார்கள், அதுவும் அப்படித்தான். ஆனால் பையனை எல்லோருக்கும் பிடித்தது. ஷூட்டிங்காரர்கள் போய்ச் சில வாரங்களில் ஜூலைக் கலவரம் வந்தது, கண்டியில் தமிழர் கடைகள் எரிந்தன. அப்பா அதைப் பற்றிப் பேசமாட்டார், பையனைப் பற்றித்தான் பேசுவார்.

ஒஸ்கார் வீடியோ பார்த்த அன்று இரவு கி ஹுய் குவானைப் பற்றித் தேடித் தேடி வாசித்தேன். 1971இல் சைகோனில் பிறந்தவர், சீன வம்சாவளிக் குடும்பம், ஒன்பது பிள்ளைகள். 1978இல் தப்பியபோது அப்பாவும் ஆறு பிள்ளைகளும் ஹொங்கொங் முகாமுக்கு, அம்மாவும் மற்ற மூவரும் மலேசியாவுக்கு. மறு வருடம்தான் அமெரிக்காவில் ஒன்று சேர்ந்தார்கள். தம்பி ஒடிஷனுக்குப் போனபோது கூடப் போய், அவனுக்கு எப்படி நடிப்பது என்று சொல்லிக்கொடுத்தவரையே தேர்வு செய்துவிட்டார்கள். ஹந்தானைக்கு வந்தபோது வயது பதினொன்று. அப்புறம் 'தி கூனீஸ்', சில தொலைக்காட்சித் தொடர்கள், அதற்குப் பிறகு ஆசிய முகத்துக்கு வேடமே இல்லை. சினிமாப் பள்ளியில் படித்து, சண்டைக் காட்சி அமைப்பவராகவும் ஹொங்கொங் இயக்குநர் வொங் கார் வாயிடம் உதவி இயக்குநராகவும் கேமராவுக்குப் பின்னால் இருபது வருடத்துக்குக் கிட்டக் கழித்தார். 'கிரேஸி ரிச் ஏஷியன்ஸ்' பார்த்த பிறகுதான் திரும்ப நடிக்க ஆசை வந்ததாம். வந்ததும் கிடைத்தது, 'எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ்' படத்தில் லோண்டரி நடத்தும் ஒரு சாதுவான கணவன் வேடம். அதற்குத்தான் ஒஸ்கார். பிறகு 'லோகி' தொடரின் இரண்டாவது சீசனிலும் வந்தார்.

என்னைப் பிடித்து உட்கார வைத்தவை இரண்டு. ஒன்று, விருது வாங்கித் தந்த அந்தப் படத்தை நடித்து முடித்த பிறகு வேலை கிடைக்காமல் அவருடைய மருத்துவக் காப்புறுதியே போய்விட்டது. நடிகர் சங்கத்தின் காப்புறுதிக்கு வருடத்தில் இவ்வளவு சம்பாதித்திருக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. கண்டி பெரியாஸ்பத்திரியில் காசில்லாமல் வைத்தியம் பார்த்து வளர்ந்த எனக்கு, இந்த நாட்டில் நோயும் சம்பளமும் ஒரே கயிற்றில் கட்டியிருப்பது விளங்கவே மாதக்கணக்கானது. பகுதிநேர வேலையில் காப்புறுதி இல்லாத அந்த மாதங்களில் ஒரு இரவு மகளுக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரிக்குப் போனால் எவ்வளவு வருமோ என்று பயந்து விடியும்வரை ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தேன். வருமானம் குறைந்தவர்களுக்குக் கலிபோர்னியாவில் மெடிக்கால் என்ற அரசு மருத்துவக் காப்புறுதி இருக்கிறது என்று யாராவது முதல் வாரமே சொல்லியிருக்கலாம். புதிதாக வருகிறவர்கள் தயவுசெய்து அதை முதலில் விசாரியுங்கள்.

இரண்டாவது, பெயர். அமெரிக்கப் பெயராக இருந்தால் வேடம் கிடைக்கும் என்று சொன்னதைக் கேட்டு அவர் நெடுநாள் ஜொனதன் என்று போட்டுக்கொண்டிருந்தார். திரும்பி வந்தபோது அம்மா அப்பா வைத்த பெயரோடு வந்தார்.

அப்பாவுக்குப் போன் செய்து, உங்கள் தொப்பிப் பையனுக்கு ஒஸ்கார் கிடைச்சிருக்கு என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அவங்க அம்மா இருக்காங்களா?" என்று கேட்டார். இருக்காங்கப்பா, வீட்டுல இருந்து பார்த்தாங்களாம் என்றேன்.

அந்த வாரமே புது அட்டை கேட்டு எழுதிக் கொடுத்தேன். வந்து சேர மூன்று வாரம் ஆனது. வியட்நாம் அக்கா வாசித்து வாசித்துப் பழகினார். 'ட்சு' மட்டும் அவருக்கு இன்னும் வரவில்லை, லெச்சுமி என்கிறார். அப்பாயியும் அப்படித்தான் கூப்பிடுவார்.