‘ஐ வுடன்ட் மைண்ட்’: மறுப்பின் வடிவில் ஒரு விருப்பம்

‘ஐ வுடன்ட் மைண்ட் எ வாக்’ என்பதை ‘நடக்க எனக்கு ஆட்சேபணை இல்லை’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பொருள் பாதியிலேயே நின்றுவிடுகிறது. சொல்பவர், வாய்த்தால் நன்றாயிருக்கும், வாய்க்காவிட்டாலும் வருத்தமில்லை என்று, கேட்பவரைக் கட்டாயப்படுத்தாமல் தம் விருப்பத்தை மெல்லத் தெரிவிக்கிறார். ‘கொஞ்சம் நடந்துவிட்டு வந்தால் தேவலை’ என்பதே எனக்கு மிக நெருக்கமாகப் படுகிறது. அந்தத் ‘தேவலை’யில் ஆசையும் இருக்கிறது, அடக்கமும் இருக்கிறது.

‘ஐ டோன்ட் மைண்ட்’ என்பது வேறு. ஜன்னலைத் திறக்கட்டுமா என்று ஒருவர் கேட்கும்போது அப்படிப் பதில் சொன்னால், திறந்தாலும் சரி, மூடியிருந்தாலும் சரி என்ற இசைவு மட்டுமே அதில் உண்டு. ‘வுட்’ சேரும்போதுதான் பெரும்பாலும் விருப்பம் எட்டிப்பார்க்கிறது. ‘மைண்ட்’ என்பதற்குப் பின் வினைச்சொல் வந்தால் ‘டு கோ’ என்று எழுதாமல் ‘கோயிங்’ என்றே எழுத வேண்டும்.