மாமாவுக்கு எம்ஜிஎம்டி டெஸ்ட் எடுத்த அனுபவம்

மாமனாருக்கு மூளைல கட்டி, ஆபரேஷன் முடிஞ்சு பயாப்ஸில கிளையோபிளாஸ்டோமா கிரேடு 4னு வந்துச்சு. கேன்சர் டாக்டர் ரிப்போர்ட்ட புரட்டிட்டு எம்ஜிஎம்டி மெத்திலேஷன் பாக்கலையேன்னாரு, அதாவது கட்டில எம்ஜிஎம்டிங்கற ஜீன் ஆஃப் ஆகி கெடக்கான்னு பாக்கற டெஸ்ட். ஒரே கட்டி ஒரே மாத்திரைதான், ஆனா ஒருத்தருக்கு கேக்கும் இன்னொருத்தருக்கு அவ்வளவா கேக்காது, அத இதுலதான் ஓரளவு சொல்லலாமாம்.

அவர் சொன்னத எனக்கு புரிஞ்ச மாதிரி சொல்றேன். டெமோசோலோமைடு மாத்திரை கேன்சர் செல்லோட டிஎன்ஏல மெத்தில்ங்கற குட்டி கெமிக்கல் துண்ட ஒட்டி செல்ல சாகடிக்கும். எம்ஜிஎம்டி ஜீன் வேலை செஞ்சுட்டு இருந்தா அதோட புரோட்டீன் வந்து ஒட்டினத பிச்சு எடுத்துடும். சிலரோட கட்டில அந்த ஜீனோட புரோமோட்டர்ல, அதாவது ஜீனுக்கு சுவிட்ச் மாதிரி இருக்கற பகுதில, ஏற்கனவே மெத்தில் ஏறி ஜீன் ஆஃப் ஆகி கெடக்கும், அப்ப ரிப்பேருக்கு ஆளில்ல, மருந்து ஜெயிக்குது. மருந்து ஒட்டுறதும் மெத்தில், ஜீன ஆஃப் பண்றதும் மெத்தில், இங்கதான் நான் ரொம்ப நேரம் குழம்பினேன். 2005ல வந்த ஆராய்ச்சில மெத்திலேட் ஆனவங்களுக்கு ரேடியேஷன் மட்டும்னா உயிரோட இருந்த காலம் மீடியன் (பாதி பேர் தாண்டின அளவு) 15.3 மாசம், மாத்திரையும் சேந்தா 21.7. ஆகாதவங்களுக்கு 11.8, 12.7, அவ்ளோதான் வித்தியாசம்.

என் வீட்டுக்காரர் நானும் ரத்தம் குடுக்கறேன்னு நின்னாரு. இது பரம்பரையா வர்றது இல்லங்க, கட்டிக்குள்ள நடக்குற மாத்தம், அதனால ஆபரேஷன்ல எடுத்த சதைய மெழுகுல பதிச்சு வெச்சிருக்கற பாரஃபின் பிளாக்குதான் வேணும். அத ஆபரேஷன் பண்ண ஆஸ்பத்திரில வாங்கறதுதான் பெரிய பாடு. லெட்டர் குடு, ஆதார் காப்பி குடு, டாக்டர் கையெழுத்து எங்கன்னு அலைய விட்டாங்க. கடைசில கைல வந்தது ஒரு குட்டி பிளாஸ்டிக் கேசட், ஒரு பக்கம் மெழுகு, ஓரத்துல பென்சில்ல நம்பர். அந்த நம்பரும் ரிப்போர்ட்ல இருக்கறதும் ஒண்ணான்னு அங்கயே நின்னு பாத்துடுங்க. நிறைய பிளாக் இருந்தா கட்டி அதிகமா இருக்கறதா பாத்து குடுக்க சொல்லுங்க.

ரிசல்ட்டுக்காக சும்மா உக்காந்திருக்கல, ரேடியேஷனுக்கு மாஸ்க் செய்யறது, ஸ்கேன் எல்லாம் அதுபாட்டுக்கு நடந்துச்சு. வந்தது மெத்திலேட்டட். மாமாவுக்கு 72 வயசு, வயசானவங்களுக்கு இந்த ரிசல்ட் இன்னும் முக்கியமாம், ரேடியேஷன், மாத்திரை ரெண்டையும் சேத்து தாங்க மாட்டாங்கன்னா மெத்திலேட் ஆனவங்களுக்கு மாத்திரை மட்டும், ஆகாதவங்களுக்கு ரேடியேஷன் மட்டும்னு கூட முடிவு பண்ணுவாங்களாம். மாமா தெம்பா இருந்ததால 15 ரேடியேஷன், கூடவே மாத்திரை. வெறும் வயித்துல போடணும், அதுக்கு முன்னாடி வாந்தி வராம இருக்க ஒரு மாத்திரை, வாராவாரம் சிபிசி ரத்த டெஸ்ட், பிளேட்லெட் குறைஞ்சா நிறுத்தி வைப்பாங்க.

லேப்ல இருந்து பிளாக்க மறக்காம திருப்பி வாங்கிக்கோங்க, வேற டாக்டர்ட்ட போனா முதல்ல அதத்தான் கேக்கறாங்க.